நஞ்சு உலோகத்தைப் பற்றும் கிருமிச் சாயம்

திருவனந்தபுரத்தில் புதிதாக வந்து இறங்கும் தமிழருக்கு முதல் நாள் ஓட்டலிலேயே ஒரு திகைப்பு காத்திருக்கும். சாப்பாட்டுக்கு முன் மேஜையில் வைக்கப்படும் தம்ளரில் வெந்நீர். அதுவும் இளஞ்சிவப்பு நிறத்தில். "என்ன சேட்டா, சாயத் தண்ணியா?" என்று கேட்டுவிட்டுக் கைபடாமல் வைத்தவர்கள் எத்தனையோ பேர். பதிமுகம் என்னும் மரத்தின் சீவலைப் போட்டுக் காய்ச்சிய நீர் அது என்று தெரிந்தபின் பயம் தெளிந்துவிடும். ஓராண்டு கழித்து ஊருக்குப் போகும்போது சாலைக் கடைவீதியில் ஒரு பொட்டலம் பதிமுகம் வாங்கிப் பையில் வைத்துக் கொள்பவர்களும் அவர்களேதான்.

காய்ச்சிக் குடிக்கும் வழக்கம் நல்ல வழக்கம். காலரா, டைபாய்டு போன்ற நோய்களின் கிருமிகள் கொதிநீரில் மடிந்துவிடும். ஆனால் நீரில் கரைந்துவிட்ட காரீயமோ, பாதரசமோ, குரோமியமோ எத்தனை நாழிகை கொதித்தாலும் மடியாது. அவற்றுக்கு உயிர் இல்லை, மடிவதற்கு. நீர் ஆவியாகிக் குறையக் குறைய, பாத்திரத்தில் மிஞ்சும் நீரில் அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும். வடிகட்டும் துணியும் அவற்றைத் தடுக்காது.

கரைந்த உலோகத்தை நீரிலிருந்து பிரித்தெடுக்க விஞ்ஞானிகள் பல வழிகளைத் தேடி வருகிறார்கள். அவற்றில் ஒன்று சற்று விசித்திரமானது. எந்தக் கிருமி இனத்துக்குப் பயந்து தண்ணீரைக் காய்ச்சுகிறோமோ, அந்த பாக்டீரியா இனத்தில் சில தயாரிக்கும் சாயத்தைக் கொண்டே உலோகத்தைப் பிடித்துவிடலாம் என்பது அது.

ஒரு கிராம் போதும்

குடிநீரில் எந்த உலோகம் எவ்வளவு இருக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2012-ல் திருத்தி வெளியிட்ட விதியில் வரையறுத்திருக்கிறது. ஒரு லிட்டரில் காரீயம் 0.01 மில்லிகிராம், குரோமியம் 0.05, காட்மியம் 0.003, பாதரசம் 0.001 மில்லிகிராம். புள்ளிக்குப் பின்னால் வரும் இந்தச் சைபர்களைப் பார்த்தால் எதுவும் மனத்தில் பதியாது. வேறு விதமாகச் சொல்லலாம். சரக்கு ரயிலில் பெட்ரோல் ஏற்றிப் போகும் எட்டுச் சக்கர டாங்க் வண்டி ஒன்றில் சுமார் 70,000 லிட்டர் கொள்ளும். அந்த வண்டி நிறையக் குடிநீர் இருந்து, அதில் ஒரே ஒரு கிராம் காரீயம் கரைந்தாலும் அந்த நீர் விதியைத் தாண்டிவிடும். பாதரசமானால் அந்த ஒரு கிராம் 14 டாங்க் வண்டி நீரைக் கெடுத்துவிடும்.

இப்படிக் கெட்ட நீருக்கு நிறம் இல்லை, நாற்றம் இல்லை, ருசியிலும் வேறுபாடு தெரியாது. காரீயம் உடலில் சேரச் சேர இரத்தம் குறையும், வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும், கை மணிக்கட்டு சோர்ந்து தொங்கும். குழந்தைகள் பாடுதான் மோசம். அவர்களுடைய மூளை வளர்ச்சியையே அது தடுத்துவிடுகிறது. இந்த அளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லத்தக்க அளவு காரீயத்துக்கு இல்லவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பெரிய தொழிற்சாலைகள் மட்டும்தான் இதற்குக் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. கார், லாரி பேட்டரிகளில் இருப்பது காரீயத் தகடும் கந்தக அமிலமும். ஆக்ரிக் கடையின் பின்புறத்தில் பழைய பேட்டரியைப் பிளந்து, தகட்டை எடுத்துக்கொண்டு அமிலத்தை மண்ணில் கொட்டிவிட்டால், கரைந்த காரீயமும் அதோடு போகிறது. பக்கத்தில் கிணறு இருந்தால் அது போகுமிடம் தெரிந்ததுதான். நிக்கல், குரோமிய முலாம் பூசும் சிறு பட்டறைகளின் தொட்டி நீரும் அப்படியே. கேரளத்தில் இவ்வகை வேலைகளில் வெளி மாநிலத்தார் கணிசமாக இருக்கிறார்கள். தமிழர்கள் நெடுங்காலமாகவே இருக்கிறார்கள். குடியிருப்பும் பெரும்பாலும் வேலையிடத்தை ஒட்டியே அமைந்துவிடுகிறது.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் வெள்ளீயம். அது வேறு உலோகம். பேட்டரியில் இருப்பது காரீயம், நஞ்சு அதுதான். இரண்டையும் வெறும் 'ஈயம்' என்றே சொல்லிப் பழகிவிட்டதால், மலிவான சொம்பில் காரீயம் கலந்து விற்பவருக்கு வசதியாகப் போய்விட்டது.

வேளிக் கடலின் செந்நிறம்

கொச்சுவேளி ரயில் நிலையத்துக்கு 2024-ல் திருவனந்தபுரம் வடக்கு என்று பெயர் மாற்றினார்கள். அதன் அருகே கடலை ஒட்டி நிற்கிறது திருவாங்கூர் டைட்டானியம் தொழிற்சாலை. 1946-ல், மன்னராட்சிக் காலத்தில் உருவான நிறுவனம். பெயிண்ட், காகிதம், ரப்பர், பிளாஸ்டிக் என்று எதற்கு வெண்மை வேண்டுமோ அதற்கெல்லாம் சேர்க்கப்படும் டைட்டானியம் டை ஆக்ஸைடு என்ற வெள்ளைப் பொடி இங்கே தயாராகிறது.

அந்த வெண்மை பிறப்பது கறுப்பு மணலிலிருந்து. கொல்லத்தை அடுத்த சவறாவிலும், குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கடற்கரையில் கிடக்கும் கரிய மணலில் இல்மனைட் என்ற கனிமம் நிறைய உண்டு. இல்மனைட் என்பது டைட்டானியமும் இரும்பும் ஆக்ஸிஜனும் சேர்ந்த பொருள். அதைக் கந்தக அமிலத்தில் கரைத்து டைட்டானியத்தைப் பிரித்துவிட்டால், மிஞ்சுவது அமிலமும் இரும்பு உப்பும் கலந்த கழிவுநீர். சிறிய அளவில் மாங்கனீசு, குரோமியம், வனேடியம் போன்றவையும் அந்த மணலோடு வந்து சேரும். இரும்பு உப்பு முதலில் வெளிறிய பச்சையாக இருக்கும். காற்றும் கடல்நீரும் பட்டதும் துருவாகிச் செம்பழுப்பாக மாறிவிடும். பல்லாண்டுக் காலம் இந்தக் கழிவுநீர் வேளிக் கடலில் விடப்பட்டது. கரையோரம் சிவந்து கிடந்ததையும், வலை கெடுகிறது, மீன் குறைகிறது என்று மீனவர்கள் முறையிட்டதையும் நகரத்தில் பழைய ஆட்கள் எல்லோரும் அறிவார்கள்.

இரும்பாவது சிவந்து தன்னைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. காட்டிக் கொடுக்காத உலோகங்களே அதிக ஆபத்தானவை.

சுண்ணாம்பு எதுவரை?

கழிவுநீரில் கரைந்த உலோகத்தைப் பிரிக்கத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் கையாளும் வழி சுண்ணாம்பு. அமிலம் முறிந்ததும் உலோகம் கரைந்த நிலையை விட்டுச் சேறாக அடியில் படியும். மலிவான முறை, நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. லிட்டருக்கு நூறு, இருநூறு மில்லிகிராம் இருப்பதை ஒன்றிரண்டாகக் குறைப்பது எளிது. அந்த ஒன்றிரண்டை 0.01-க்குக் கொண்டுவருவதுதான் கடினம். ஒவ்வோர் உலோகமும் ஒவ்வொரு காரநிலையில் படியும். ஒன்று படியும்போது மற்றொன்று மீண்டும் கரையத் தொடங்கும். கடைசி மிச்சத்தைப் பிடிக்க அயனிமாற்றுப் பிசினும், எதிர்ச் சவ்வூடு பரவல் எந்திரமும் உள்ளன. அவற்றின் விலையும் மின்கட்டணமும் சிறு பட்டறைக்காரருக்குக் கட்டுபடியாகாது. அந்த எந்திரம் ஒரு பங்கு நீரை நல்லதாக்கி, இன்னொரு பங்கை முன்னிலும் கெட்டதாக்கி வெளியே தள்ளும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பாக்டீரியாவின் சாயத்துக்கு வேலை இருப்பது இந்தக் கடைசி மிச்சத்தில்தான்.

கிருமிக்கு ஏன் சாயம்?

பாக்டீரியாக்கள் அழகுக்காக நிறம் பூசிக் கொள்வதில்லை. வெயிலின் ஊதாக் கதிரிலிருந்து தப்பவும், பக்கத்துக் கிருமியை விரட்டவும், உணவு தேடவும் அவை நிறமிகளைச் சுரக்கின்றன. செர்ராஷியா சிவப்புச் சாயம் தரும். குரோமோபாக்டீரியம் ஊதாச் சாயம் தரும். சூடோமோனாஸ் என்ற இனத்தில் சில மஞ்சள் கலந்த பச்சைச் சாயத்தைச் சுரக்கின்றன.

சூடோமோனாஸ் என்ற பெயர் நாஞ்சில் நாட்டு விவசாயிக்குப் புதிதல்ல. நெல் குலை நோய்க்கு எதிராக, ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் வீதம் கலக்கச் சொல்லி வேளாண்மைத் துறை பரிந்துரைக்கும் பொடி, சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் என்ற பாக்டீரியாவே. அது சுரக்கும் சாயத்துக்குப் பையோவெர்டின் என்று பெயர். வங்கியில் நோட்டைச் சோதிக்கும் ஊதா விளக்கின் கீழே பிடித்தால் அது பளிச்சென்று ஒளிரும். அதன் வேலை ஒளிர்வதல்ல. மண்ணில் அரிதாகக் கிடைக்கும் இரும்பைத் தேடிப் பிடித்துப் பாக்டீரியாவிடம் கொண்டு சேர்ப்பது. இரும்பை அது பிடிக்கும் பிடி அசாத்தியமானது. பயிரைத் தாக்கும் பூஞ்சைக்கு இரும்பு கிடைக்காமல் போவதும் நோய் அடங்குவதற்கு ஒரு காரணம். இரும்புக்காக ஏற்பட்ட அந்தப் பிடியில், சற்றுத் தளர்வாகவேனும், தாமிரம், அலுமினியம் முதலிய பிற உலோகங்களும் சிக்கிக் கொள்கின்றன.

ஆயினும் பையோவெர்டின் நீரில் கரைந்துவிடும் பொருள். உலோகத்தைப் பிடித்தாலும் அதோடு சேர்ந்து நீரிலேயே நிற்கும். பிரித்தெடுக்க மறுபடி ஒரு வேலை. கரையாத சாயம் ஒன்று கிடைத்தால் இந்தத் தொல்லை இல்லை. அப்படிப்பட்டது மெலனின்.

கணவாய் மையும் தலைமுடியும்

மெலனின் எல்லோரிடமும் இருக்கிறது. தலைமுடியைக் கறுப்பாக்குவது அது. தோலின் நிறமும் அதனால்தான். விழிஞ்ஞத்தில் கணவாய் மீனைச் சுத்தம் செய்பவர்களின் விரல்களில் ஒட்டிக் கொண்டு எளிதில் போக மறுக்கும் கறுப்பு மையும் மெலனினே. நறுக்கிய வாழைக்காய் சற்று நேரத்தில் கறுப்பதும் இதற்கு உறவான ஒரு மாற்றம். சில பாக்டீரியாக்கள் டைரோசின் என்ற அமினோ அமிலத்தைக் கொண்டு இந்தக் கறுப்பைத் தயாரிக்கின்றன. வளர்ப்பு நீர் முதலில் பழுப்பாகி, பிறகு மை போலக் கறுத்துவிடும். அதிலிருந்து மெலனினைத் தனியே படியவைத்துக் கழுவி உலர்த்தினால் நுண்ணிய கரும் பொடி கிடைக்கும்.

திருவனந்தபுரத்தில் மாலை மாவேலி எக்ஸ்பிரஸில் ஏறினால் மறுநாள் காலை மங்களூர். அங்கிருந்து சிறிது தொலைவில், கடற்கரையிலேயே அமைந்திருக்கிறது சூரத்கல் தேசியத் தொழில்நுட்பக் கழகம். அதன் ஆராய்ச்சியாளர்கள் சூடோமோனாஸ் ஸ்டட்சேரி என்ற கடல் பாக்டீரியாவிலிருந்து மெலனின் எடுத்து, அதைக் கொண்டு நீரிலிருந்து பாதரசம், குரோமியம், காரீயம், தாமிரம் ஆகிய நான்கையும் பிடித்துக் காட்டி, 2018-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆர்சனிக்கைப் பிடிக்க, மெலனினில் முதலில் இரும்பையும் தாமிரத்தையும் ஏற்றிப் பார்க்கும் ஆராய்ச்சியும் அங்கே தொடர்ந்தது. பொடியாகப் போட்டால் வடிகட்டுவது சிரமம் என்பதால், பிளாஸ்டிக் சவ்வின்மேல் மெலனினைப் பூசி அதன் வழியே நீரைச் செலுத்தும் முறையும் சோதிக்கப்பட்டது.

மெலனின் உலோகத்தைப் பிடிப்பது எப்படி? அதன் மேற்பரப்பெங்கும் ஆக்ஸிஜன், ஹைட்ரஜன், நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த சிறு சிறு இருக்கைகள் இருக்கின்றன என்று வைத்துக் கொள்ளலாம். நீரில் கரைந்த காரீயத்துக்கு நேர்மின்னூட்டம், இருக்கைக்கு எதிர்மின்னூட்டம். இரண்டும் ஈர்த்துக் கொள்கின்றன. பொடி எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவுக்கு மேற்பரப்பு கூடும், இருக்கைகளும் கூடும். எல்லா இருக்கையும் நிறைந்ததும் அதற்குமேல் ஏற இடமில்லை. அப்போது பொடியைச் சிறிதளவு நீர்த்த அமிலத்தில் கழுவினால் உலோகம் இறங்கிவிடும். காலி வண்டி மறுபடி புறப்படத் தயார்.

அமிலத்தில் கழுவினால் உலோகம் ஏன் இறங்குகிறது என்பதிலேயே இந்த முறையின் ஒரு பெரிய குறையும் அடங்கியிருக்கிறது. அமிலத்தில் ஹைட்ரஜன் அயனிகள் ஏராளம். ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் திருவிழாக் கூட்டம் ஏறியது போல, எல்லா இருக்கைகளையும் அவை பிடித்துக் கொள்ளும். எனவே டைட்டானியம் ஆலைக் கழிவு போன்ற கடும் அமில நீரில் மெலனினை நேரே போட்டுப் பயனில்லை. சுண்ணாம்பு முதலில் தன் வேலையைச் செய்ய வேண்டும். சாயம் பின்னால் வர வேண்டும்.

குரோமியம் மட்டும் இதில் ஒரு தனிப் பேர்வழி. நச்சு மிகுந்த ஆறிணைக் குரோமியம் நீரில் எதிர்மின்னூட்டத்தோடு உலவுகிறது. ஆகவே அதைப் பிடிக்க அமில நீர்தான் ஏற்றது. பிடிப்பதோடு நில்லாமல், நச்சு குறைந்த மூவிணைக் குரோமியமாக அதை மாற்றவும் மெலனினால் முடிகிறது.

ராணிப்பேட்டையின் மஞ்சள் நீர்

ஆறிணைக் குரோமியம் என்றதும் வட ஆர்க்காட்டுக்காரர்களுக்கு ராணிப்பேட்டை நினைவுக்கு வரும். தோல் பதனிடுவதற்கு வேண்டிய குரோமிய உப்புகளைத் தயாரித்த ஓர் ஆலை அங்கே 1995-ல் மூடப்பட்டது. அது விட்டுச் சென்ற கழிவு சுமார் 2 லட்சம் டன். மழை பெய்யும்போதெல்லாம் அந்தக் குவியலிலிருந்து மஞ்சள் நீர் கசிந்து நிலத்தடியில் இறங்கியது. உலகில் மிகவும் மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியல் ஒன்றை 2006-ல் ஓர் அமெரிக்க அமைப்பு வெளியிட்டபோது அதில் ராணிப்பேட்டையும் இருந்தது. வேலூர் மாவட்டத் தோல் ஆலைகள் பற்றிய வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு தர வேண்டும் என்ற கொள்கையை வலியுறுத்தி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996 ஆகஸ்டில்.

இரண்டு லட்சம் டன் குவியலுக்கு முன்னால், ஆராய்ச்சிசாலைக் கண்ணாடிக் குடுவையில் விளையும் சில கிராம் கறுப்புப் பொடி எம்மாத்திரம்? குவியலை அகற்றுவது மண்வெட்டி, லாரி, பணம், அரசின் மனம் ஆகியவற்றின் வேலை. அதிலிருந்து கசியும் நீரைக் கடைசியாக ஒருமுறை வடிகட்டும் இடத்தில்தான் சாயத்துக்கு இடமிருக்கிறது. 'கிருமி நஞ்சைத் தின்றுவிடும்' என்று அவ்வப்போது வரும் செய்திகளை இந்த அளவில் வைத்தே படிக்க வேண்டும். எந்தக் கிருமியும் காரீயத்தைத் தின்று இல்லாமல் ஆக்கிவிட முடியாது. காரீயம் ஒரு தனிமம். அது எங்கும் போய்விடாது. நீரிலிருந்து எடுத்தால் சாயத்தில் இருக்கும். சாயத்தைக் கழுவினால் கழுவிய அமிலத்தில் இருக்கும். நூறு தொட்டி நீரில் பரவிக் கிடந்தது ஒரு வாளிக்குள் அடங்கிவிடுகிறது, லாபம் அவ்வளவே. அது சிறிய லாபம் அல்ல. ஆனால் அந்த வாளியைக் கொண்டுபோய் ஓடையில் கவிழ்த்துவிட்டால் செய்த வேலையெல்லாம் வீண்.

வேறு தடைகளும் உண்டு. ஆராய்ச்சிசாலையில் சோதிப்பது பெரும்பாலும் ஓர் உலோகத்தை மட்டும் அளந்து கரைத்த சுத்தமான நீர். கிணற்று நீரிலோ கால்சியமும் மக்னீசியமும் காரீயத்தைப் போலப் பல மடங்கு கரைந்திருக்கும். அவையும் இருக்கைக்குப் போட்டியிடும். பாக்டீரியாவுக்கு இரையாகப் போடும் டைரோசின் மலிவான சரக்கல்ல. சாயம் தரும் கிருமிகளில் சில நோய்க் கிருமிகளும்கூட. செர்ராஷியாவும் சூடோமோனாஸ் வகைகளில் ஒன்றும் ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளைத் தொற்றும் பேர்வழிகள். ஆகவே உயிருள்ள பாக்டீரியாவைக் குடிநீரில் விடும் பேச்சுக்கே இடமில்லை. சாயத்தைத் தனியே பிரித்து, செல்களை நீக்கிச் சுத்தம் செய்தபின்பே பயன்படுத்த முடியும். அதுவும் செலவு.

திருவனந்தபுரத்திலேயே பாப்பனங்கோட்டில், 1975-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் ஆராய்ச்சிசாலை இருக்கிறது. வட்டார ஆராய்ச்சிசாலை என்று வழங்கியது, 2007 முதல் பல்துறை அறிவியல் தொழில்நுட்பத் தேசிய நிறுவனம் என்று பெயர் பெற்றிருக்கிறது. நுண்ணுயிர் ஆராய்ச்சி, சுற்றுச்சூழல் தொழில்நுட்பம், கடற்கரைக் கனிமம் ஆகிய மூன்றிலும் அனுபவமுள்ள இடம் அது. கறுப்பு மணலும், மணல் ஆலைக் கழிவும், கடல் பாக்டீரியாவும் ஒரே ஊரில் கிடைக்கும் வாய்ப்பு எல்லா ஆராய்ச்சிசாலைக்கும் அமைவதில்லை.

கடைக்கு வரும் வரை

மெலனின் வடிகட்டி கடையில் விற்பனைக்கு வரும் நாள் இன்னும் தொலைவில் இருக்கிறது. அதுவரை செய்யக்கூடியவை மிகச் சாதாரணமானவை. ஆக்ரிக் கடைக்கோ, பேட்டரி பட்டறைக்கோ, முலாம் பட்டறைக்கோ பக்கத்தில் குடியிருந்து கிணற்று நீரைக் குடிப்பவர்கள் அதை ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது. கேரள நீர் ஆணையத்தின் பரிசோதனைக் கூடங்களில் கட்டணம் செலுத்திப் பொதுமக்களும் நீரைச் சோதித்துக் கொள்ளலாம். கிருமி, உப்பு, கடினத்தன்மை ஆகியவற்றைப் பார்க்கும் சாதாரணச் சோதனையில் காரீயம் தெரியாது. உலோகச் சோதனை வேண்டும் என்று தனியாகச் சொல்லிக் கேட்க வேண்டும். எந்தப் பாட்டிலில், எவ்வளவு நீர் கொண்டுவர வேண்டும் என்பதையும் முன்பே விசாரித்துக் கொண்டால் இரண்டாம் தடவை அலைய நேராது.

பேட்டரி வேலை செய்பவர்கள் உடுத்திய துணியோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கக் கூடாது. காரீயத் தூள் நீரில் மட்டுமல்ல, சட்டையிலும் வரும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பீடியோ, டீயோ, பலகாரமோ வாயில் வைப்பதும் ஆபத்து. பழைய பேட்டரிகளைப் பற்றி 2001-ல் இருந்த விதிகளுக்குப் பதிலாக 2022-ல் மத்திய அரசு புதிய விதிகளைக் கொண்டுவந்தது. உபயோகம் முடிந்த பேட்டரிகளைச் சேகரித்து, முறையாகப் பதிவு பெற்ற ஆலைகளில் மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பு அதன்படி பேட்டரி தயாரிப்பாளர்களுடையது. கொல்லைப்புறத்தில் கோடரியால் பிளந்து தகட்டை உருவும் வேலைக்கு அந்த விதிகளில் இடமில்லை.